நிரல்பெயர்ப்பிக்கும் உறைமோர் வேண்டும்

பாலைக் காய்ச்சி ஆறவைப்பதால் மட்டும் தயிர் கிடைத்துவிடுவதில்லை. முதல்நாள் தயிரிலிருந்து எடுத்துவைத்த ஒரு கரண்டி உறைமோர் அதில் சேர்தல் வேண்டும். அந்த உறைமோர் அதற்கு முந்தைய நாளின் தயிரிலிருந்து வந்தது; அத்தயிரோ அதற்கும் முந்தைய நாளின் மோரால் உறைந்தது. இத்தொடர் ஒருநாள் அறுந்துபோனால், வீட்டில் பால் எவ்வளவு இருந்தும் பயனில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அண்டை வீட்டிற்குச் செல்ல வேண்டியதுதான். கணிப்பொறித் துறையிலும் இதனையொத்த நிலை ஒன்று உண்டு என்பதும், அதனைப் பேணாத நிறுவனம் என்றேனும் ஒருநாள் வெறும் பாத்திரத்துடன் நிற்க நேரும் என்பதும் பலரும் எண்ணிப் பாராதவை.

கணிப்பொறியின் மின்சுற்றுகள் அறிவது இயந்திர மொழி ஒன்றையே. அம்மொழியில் எழுதுதல் மனிதர்க்கு அரிது. எழுதியதைத் திருத்துதல் அதனினும் அரிது. ஆதலால், மனிதர் படித்தறியக்கூடிய மொழியில் நிரலை எழுதுகின்றனர். அதற்கு மூல நிரல் என்று பெயர். மூல நிரலை இயந்திர மொழிக்குப் பெயர்த்துத் தருவது, கம்பைலர் என வழங்கும் நிரல்பெயர்ப்பி. இந்நிரல்பெயர்ப்பியும் ஒரு நிரலே. இதனையும் யாரேனும் ஏதேனும் ஒரு மொழியில் எழுதியே ஆக வேண்டும். இக்காலத்தில் பல முதன்மையான மொழிகளின் நிரல்பெயர்ப்பி அந்தந்த மொழியிலேயே எழுதப்பட்டுள்ளது. அங்ஙனமாயின், அந்த நிரல்பெயர்ப்பியை இயந்திர மொழிக்குப் பெயர்த்தது எது? அதற்கு முந்தைய பதிப்பு. அதனைப் பெயர்த்தது? அதற்கும் முந்தைய பதிப்பு. முன்னதைக் கொண்டு பின்னதை எழுப்பும் இம்முறையைத் தொழில் வல்லார் பூட்ஸ்ட்ராப் என்பர்.

விண்டோஸ், லினக்ஸ் போன்று பலரும் கையாளும் இயக்க முறைமைகளில் இத்தொல்லை வெளியில் தெரிவதில்லை. ஆயத்தமாகப் பெயர்க்கப்பட்ட நிரல்பெயர்ப்பி கேட்ட மாத்திரத்தில் கிடைத்துவிடுகின்றது. சிலரே கையாளும் இயக்க முறைமைகளிலோ இது வாழ்வா சாவா என்னும் வினாவாகும். அத்தகைய முறைமை ஒன்றைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர், அதன் நிரல்பெயர்ப்பியை மூல நிரலிலிருந்து மீண்டும் எழுப்பும் வழியையும் தம் பொறுப்பிலேயே வைத்திருத்தல் வேண்டும். ஆயத்தப் பொருளை வாங்கி வைத்திருப்பது மட்டும் போதாது.

முதல் உறை பிறந்த வகை

தொடக்கத்தில் உறைமோர் இல்லை. கைத்திறன் மட்டுமே இருந்தது. 1952இல் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் யூனிவாக் கணிப்பொறிக்கென ஏ-0 என்னும் முறையை அமைத்தார். 1957இல் ஜான் பேக்கஸ் தலைமையில் ஒரு குழுவினர் ஐ.பி.எம். 704 கணிப்பொறிக்கு ஃபோர்ட்ரான் மொழியின் நிரல்பெயர்ப்பியை அளித்தனர். இவையெல்லாம் இயந்திர மொழியிலோ, அதற்கு மிக நெருங்கிய குறிமொழியிலோ பெரும்பாடுபட்டு எழுதப்பட்டவை.

1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டிம் ஹார்ட், மைக் லெவின் என்னும் இருவர் லிஸ்ப் மொழியின் நிரல்பெயர்ப்பியை லிஸ்ப் மொழியிலேயே எழுதினர். மூல நிரலைப் பெயர்த்து வைக்காமல், அப்போதைக்கப்போது பொருள் கொண்டு இயக்கும் வேறொரு நிரல் லிஸ்ப் மொழிக்கு முன்னரே இருந்தது. அதன்மேல் புதிய நிரல்பெயர்ப்பியை மெதுவாக ஓட்டி, அது தன்னையே பெயர்க்குமாறு செய்தனர். அதன்பின் அது விரைந்து ஓடலாயிற்று.

சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரின் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் நிக்லாஸ் விர்த் பாஸ்கல் மொழியை உருவாக்கியபோது, முதலில் அதன் நிரல்பெயர்ப்பியை ஃபோர்ட்ரானில் எழுத முயன்றனர். அம்முயற்சி பலிக்கவில்லை. இரண்டாம் முயற்சியில் அதனைப் பாஸ்கலிலேயே எழுதி, அந்த மூல நிரல் முழுவதையும் தாழ்நிலை மொழி ஒன்றிற்குக் கையாலேயே பெயர்த்தனர். 1970இல் அது இயங்கத் தொடங்கியது. கையால் பெயர்த்த வடிவம் ஒருமுறை பயன்பட்டபின் அதற்கு வேலையில்லை. ஏனெனில், அது பெற்றெடுத்த நிரல்பெயர்ப்பி தன் அடுத்த பதிப்பைத் தானே பெயர்க்க வல்லதாயிருந்தது.

ஒரு மொழியின் நிரல்பெயர்ப்பியை அம்மொழியிலேயே எழுதுவதில் உண்மையான நன்மைகள் உண்டு. அம்மொழி பெரிய பணிக்குத் தகுதியுடையதா என்பதற்கு அதுவே முதல் தேர்வு. பணியாளர் இரண்டு மொழிகளைக் கற்க வேண்டுவதில்லை. நிரல்பெயர்ப்பி விரைவான இயந்திர நிரலைத் தருமாறு திருத்தப்பட்டால், அத்திருத்தத்தின் பயன் நிரல்பெயர்ப்பிக்கே முதலில் கிட்டுகிறது. எனவே, இவ்வழக்கத்தைக் குறைகூறுவதற்கில்லை. இதனால் விளையும் கடமையை மறப்பதே குறை.

பிளான் 9 முறைமையும் கோ மொழியும்

இக்கடமையின் இயல்பை விளக்க ஓர் எடுத்துக்காட்டே போதும். யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தில் 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பிளான் 9 என்னும் இயக்க முறைமை தொடங்கப்பெற்றது. கென் தாம்சன், ராப் பைக் முதலியோர் அதனை ஆக்கினர். 1992இல் அது பல்கலைக்கழகங்களுக்கு அளிக்கப்பட்டது. நான்காம் பதிப்பு 2002இல் வெளிவந்தது. 2021இல் அதன் உரிமை பிளான் 9 அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது. அதன் கருத்துகள் பிற முறைமைகளில் பரவினவேயன்றி, அதனைக் கையாள்வோர் தொகை என்றும் சிறிதாகவே இருந்து வந்துள்ளது.

அதே தாம்சனும் பைக்கும் ராபர்ட் கிரீசெமருடன் சேர்ந்து கூகிள் நிறுவனத்தில் கோ என்னும் மொழியை உருவாக்கி 2009இல் வெளியிட்டனர். அதன் முதல் நிரல்பெயர்ப்பிகள் பிளான் 9 முறைமையின் சி நிரல்பெயர்ப்பிகளின் வழிவந்தவை. சி மொழியில் எழுதப்பட்டவை. சி நிரல்பெயர்ப்பி உள்ள இடத்தில் அவற்றை எழுப்புதல் எளிது. 2014இல் வெளிவந்த கோ 1.3, கோ 1.4 ஆகிய பதிப்புகள் பிளான் 9 முறைமையையும் சோதனை நிலையில் ஏற்றுக்கொண்டன.

2015 ஆகஸ்டில் வெளிவந்த கோ 1.5 பதிப்பில் நிலை மாறியது. சி மொழியில் இருந்த நிரல்பெயர்ப்பி, பெரும்பாலும் தானியங்கிக் கருவி ஒன்றின் துணையால், கோ மொழிக்கே மாற்றப்பட்டது. அன்றுமுதல் கோ மொழியை எழுப்ப முன்பே ஒரு கோ வேண்டும். சி மொழியிலிருந்து எழுப்பக்கூடிய கடைசிப் பதிப்பாகிய 1.4 உறைமோராயிற்று. பல ஆண்டுகள் இந்த 1.4 பதிப்பே எல்லாப் புதிய பதிப்புகளுக்கும் போதியதாக இருந்தது. 2023இல் வந்த 1.20 பதிப்பு தனக்கு 1.17 வரிசையின் நிரல்பெயர்ப்பி வேண்டும் என்றது. 2024இன் 1.22 பதிப்பிற்கு 1.20 தேவை, 2025இன் 1.24 பதிப்பிற்கு 1.22 தேவை.

ஆகவே, வெறும் சி நிரல்பெயர்ப்பியுடன் நிற்பவர் 1.24ஐ அடைய ஐந்து படிகள் ஏற வேண்டும்: சி கொண்டு 1.4, அதனைக் கொண்டு 1.17, பின்னர் 1.20; பின்னர் 1.22, இறுதியில் 1.24. ஒவ்வொரு படியும் குறித்த இயக்க முறைமையில், குறித்த வகை இயந்திரத்தில் பழுதின்றி ஓடுதல் வேண்டும். ஒரு படி உடைந்தால் அதற்கு மேலுள்ளவை எல்லாம் எட்டாக் கனியாகும்.

அண்டை வீட்டு மோர்

படிகளை ஏறாமலே மேலே செல்ல மற்றொரு வழியும் உண்டு. லினக்ஸ் இயங்கும் ஒரு கணிப்பொறியில் கோ மொழியின் புதிய நிரல்பெயர்ப்பி இருப்பதாகக் கொள்ளலாம். அதனிடம், இலக்கு இயக்க முறைமை பிளான் 9 என்றும், இலக்கு இயந்திரம் இன்ன வகை என்றும் இரண்டு பெயர்களைக் குறிப்பிட்டால், லினக்சில் இருந்தவாறே பிளான் 9இல் ஓடக்கூடிய நிரல்பெயர்ப்பியை அது ஆக்கித் தரும். அதனை எடுத்துச் சென்று பிளான் 9இல் நிறுவினால், அங்கு அது தன் மூல நிரலைத் தானே மீண்டும் பெயர்த்து நிலைகொள்ளும். இஃது அண்டை வீட்டில் மோர் வாங்கி உறையூற்றுவதை ஒத்தது. விரைவானது, பெரும்பாலோர் கையாள்வதும் இதுவே.

இவ்வழி இன்றியமையாத இடங்களும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி, சி-டாக் நிறுவனத்தின் வேகா ஆகிய இந்தியச் செயலிகள் ரிஸ்க்-5 என்னும் கட்டளைத் தொகுதியைத் தழுவியவை. கோ 1.4 வந்த 2014இல் கோ மொழிக்கு ரிஸ்க்-5 தெரியாது, 2020இன் 1.14 பதிப்பிலேயே அது லினக்ஸ் முறைமையில் சோதனை நிலையில் இடம்பெற்றது. எனவே, ரிஸ்க்-5 இயந்திரத்தில் நின்றுகொண்டு சி மொழியிலிருந்து படிப்படியாக ஏறும் வழியே கிடையாது. வேறொரு வகை இயந்திரத்திலிருந்து வாங்கித்தான் தொடங்க வேண்டும். ஒரு செயலியை உள்நாட்டில் வடிவமைத்துவிட்டதனாலேயே அதன்மேல் ஓடும் யாவும் உள்நாட்டில் வேர்கொண்டுவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆட்சேபமும் விடையும்

இங்கே ஓர் ஆட்சேபம் எழுதல் இயல்பு. அண்டை வீட்டில் மோர் என்றும் கிடைக்குமாயின், உறைமோரைப் பேணுவதற்கு ஏன் இத்தனை பாடு? சிறிய முறைமைகளைப் பேணுவோர் சிலரே. அவர்களது நேரமும் அரிது. பழைய பதிப்புகளை எழுப்பிப் பார்ப்பதில் அந்நேரத்தைச் செலவிடுவது வீண் அன்றோ? இவ்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாள்தோறும் அடிப்படியிலிருந்து ஏற வேண்டும் என்று எவரும் கூறார். ஆயினும், மூன்று காரணங்களால் இவ்வாதம் முழுமையுடையதன்று.

முதலாவது, வழி என்பது தானே கெட்டுப்போகும் இயல்புடையது. பழைய நிரல்பெயர்ப்பியின் மூல நிரல் மாறாமல் இருந்தாலும், அதன் கீழே உள்ள இயக்க முறைமை மாறிக்கொண்டே செல்கிறது. 2024 ஏப்ரலில் வெளிவந்த ஓப்பன்பிஎஸ்டி 7.5 பதிப்பு, முறைமையின் பணிகளை எண் சொல்லி மறைமுகமாக அழைக்கும் பழைய வாயிலைப் பாதுகாப்புக் கருதி அடைத்துவிட்டது. அவ்வாயிலை நம்பியிருந்த நிரல்கள் திருத்தப்பட்டாலன்றி அங்கு இயங்கா. முறைமையினர் செய்தது தவறன்று. ஆனால் படிகளைச் சரிபார்ப்போர் இல்லையேல், எந்த மாற்றத்தால் எந்தப் படி உடைந்தது என்பதே தெரியாமற்போகும். ஓராண்டில் உடைந்த ஒரு படியைச் செப்பனிடல் எளிது. பத்தாண்டில் உடைந்தவற்றைத் தேடுவது வேறு வேலை.

இரண்டாவது, அண்டை வீட்டு மோரின் புளிப்பு வாங்கியவர் தயிரிலும் வரும். 1984இல் வெளியான தமது டூரிங் பரிசுச் சொற்பொழிவில் கென் தாம்சன் இதனை ஐயத்திற்கிடமின்றி விளக்கினார். ஒரு நிரல்பெயர்ப்பியின் மூல நிரலில் வஞ்சகமான இரண்டு விதிகளைச் சேர்ப்பதாகக் கொள்க. கணிப்பொறியில் நுழைவோரைச் சோதிக்கும் நிரலைப் பெயர்க்கும்போது அதில் ஒரு கள்ளச்சாவியைப் புகுத்து என்பது ஒரு விதி. நிரல்பெயர்ப்பியையே பெயர்க்கும்போது இவ்விரு விதிகளையும் மீண்டும் அதில் புகுத்து என்பது மற்றது. ஒருமுறை பெயர்த்தபின் மூல நிரலிலிருந்து அவ்விதிகளை அழித்துவிடலாம். அதன்பின் மூல நிரலை வரிவரியாகப் படிப்பவர் குற்றம் ஒன்றும் காணார். ஆயினும் வஞ்சகம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். மூல நிரல் கையில் இருப்பதனாலேயே ஐயம் தீர்ந்துவிடாது என்பதே அவர் உணர்த்திய உண்மை.

மூன்றாவது, வழியை மறந்தவர் அறிவையும் இழப்பர். ஒரு நிறுவனத்தில் இயக்க முறைமையை அடிப்படியிலிருந்து எழுப்பத் தெரிந்தவர் ஒருவரே இருந்து, அவரும் ஓய்வுபெற்றுச் சென்றால், எஞ்சியிருப்பது பூட்டிய பெட்டியே. தொலைவிலுள்ள ஒரு நிலையத்தில் மழையையோ நீர்மட்டத்தையோ பதியும் கருவி ஒன்று அத்தகைய முறைமையில் ஓடுவதாகக் கொள்க. அதன் நிரலில் ஒரு சிறு பிழை காணப்படுகிறது. மூல நிரல் இருக்கிறது. திருத்த வேண்டிய வரியும் தெரிகிறது. திருத்தியதைப் பெயர்க்க நிரல்பெயர்ப்பி இல்லையென்றால், களப்பணியாளர் பிழையான அளவுகளைக் கையால் திருத்தி எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கருவியை வாங்கியபோது இக்கேள்வி கேட்கப்படாமையின் விலையை, வாங்கியவரல்லாத ஒருவர் செலுத்துகிறார்.

மிளகாய்க் காம்பிலிருந்து தொடங்குதல்

உறைமோர் எங்கும் கிடையாதபோது, வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்புகளை இட்டு முதல் உறையை உண்டாக்கும் வழக்கம் வீடுகளில் உண்டு. அந்த முதல் உறை அவ்வளவு நன்றாக இராது. அதனைக் கொண்டு மீண்டும் ஒருமுறை உறையூற்றினால் நல்ல தயிர் கிடைக்கும். கணிப்பொறித் துறையிலும் இதற்கு ஒப்பான பணி அண்மையில் நிறைவேறியுள்ளது.

க்னூ கீக்ஸ் என்னும் திட்டத்தினர், 357 பைட்டு அளவே உள்ள ஒரு சிறு நிரலிலிருந்து தொடங்கித் தங்கள் முறைமைக்கு வேண்டிய கருவிகளை எல்லாம் மூல நிரலிலிருந்தே எழுப்பிக் காட்டியதாக 2023இல் அறிவித்தனர். பதினாறடிமான எண்களாக எழுதியதை இயந்திரம் ஏற்கும் பைட்டுகளாக மாற்றுவதே அச்சிறு நிரலின் வேலை. 357 பைட்டுகளை ஒருவர் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் யாது செய்கிறது என்று சரிபார்க்க இயலும். அதிலிருந்து சற்றே பெரியதொரு கருவி, அதிலிருந்து ஒரு சிறிய சி நிரல்பெயர்ப்பி எனப் பல படிகளில் ஏறி, முழு அளவிலான நிரல்பெயர்ப்பியை அடைகின்றனர். மனிதக் கண் முழுவதும் காணக்கூடிய விதையிலிருந்து மரம் வளர்க்க இயலும் என்பது இதனால் உறுதிப்பட்டது.

வாங்கிய மோரைச் சோதிக்கவும் வழி உண்டு. டேவிட் வீலர் 2005இல் வெளியிட்டு, 2009இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் விரித்துரைத்த முறை இது: ஐயத்திற்குரிய நிரல்பெயர்ப்பியின் மூல நிரலை, தொடர்பற்ற வேறொரு நிரல்பெயர்ப்பியால் பெயர்க்க வேண்டும், கிடைத்ததைக் கொண்டு அதே மூல நிரலை மீண்டும் பெயர்க்க வேண்டும், உரிய நிபந்தனைகள் பொருந்தி, முடிவு பைட்டுக்குப் பைட்டு ஒத்திருந்தால், அந்த இயந்திர வடிவம் மூல நிரலுக்கு மெய்யாகவே உரியது எனலாம். கோ மொழியினரும் 2023இன் 1.21 பதிப்பு முதல், எந்த முறைமையில் நின்று எழுப்பினாலும் ஒரே பைட்டுகள் கிடைக்குமாறு தம் கருவிகளைச் செம்மைப்படுத்தினர். பிளான் 9இல் எழுப்பியதையும் லினக்சில் எழுப்பியதையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சிறிய குழுவினராலும் இயலும். சிறியோர் பெரியோரைச் சோதிக்கக்கூடிய இந்நிலை வரவேற்கத்தக்கது.

மொழி ஆக்குவோர் கடமை

எல்லாச் சுமையையும் சிறிய முறைமையினர்மேல் ஏற்றுதல் முறையன்று. மொழியை ஆக்குவோர்க்கும் பங்கு உண்டு. ரஸ்ட் மொழியின் முதல் நிரல்பெயர்ப்பி ஓகேமல் மொழியில் எழுதப்பட்டது. 2011இல் அது தன்னைத்தானே பெயர்க்கும் நிலையை அடைந்தது. 2015இல் முதல் நிலையான பதிப்பு வந்தபின், ஆறு வாரத்திற்கு ஒரு பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொன்றையும் எழுப்ப அதற்கு முந்தையது வேண்டும். 2025 ஜனவரியில் 1.84 பதிப்பு வந்தபோது, 1.0 பதிப்பிலிருந்து நேர்வழியில் ஏறுவோர்க்கு எண்பதுக்கு மேற்பட்ட படிகள். சி++ மொழியில் எழுதப்பட்ட எம்ரஸ்ட்சி என்னும் தனி நிரல்பெயர்ப்பி இடையிலுள்ள ஒரு பதிப்பிற்கு நேரே ஏற்றிவிடுவதால் இச்சுமை குறைகிறது. ஆனால் அது மொழியின் மூலவர்கள் அமைத்ததன்று, தன்னார்வத்தால் விளைந்தது.

ஆண்டுக்கு ஒரு படி என்று வரையறுத்து, எந்தப் பதிப்பிற்கு எது வேண்டும் என முன்கூட்டியே அறிவிக்கும் கோ மொழியினர் வழக்கம் இதனினும் மேம்பட்டது. வேகமாக முன்னேறும் உரிமை மொழி ஆக்குவோர்க்கு உண்டு. பின்வருவோர் ஏறும் ஏணியை அவிழ்த்துவிடும் உரிமை அவர்க்கு இல்லை.

செய்யத்தக்கவை

இந்திய நாட்டிற்கு இப்பொருள் புதிதன்று. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆக்கப்பட்டு 1960இல் முழு அளவில் இயங்கத் தொடங்கி, 1962இல் டிஃப்ராக் எனப் பெயர் பெற்ற கணிப்பொறிக்கு, அதனை ஆக்கியோரே இயந்திர மொழியில் நிரல் எழுதினர். அவர்கட்கு வாங்குவதற்கு அண்டை வீடு இல்லை. ஆதலால் தங்கள் இயந்திரத்தின் ஒவ்வொரு கட்டளையையும் அறிந்திருந்தனர். இன்று சி-டாக் நிறுவனத்தின் பாஸ் முறைமை டெபியன் லினக்சைத் தழுவி நிற்கிறது; அதன் நிரல்பெயர்ப்பிகளும் அங்கிருந்து வருபவையே. பிறர் உழைப்பைத் தழுவுதல் இழிவன்று. உலகெங்கும் நடப்பது அதுவே. தழுவியதை மீண்டும் எழுப்பத் தெரிந்திருத்தலே வேண்டப்படுவது.

இவ்வகை முறைமைகளைப் பேணும் நிறுவனங்கள் நான்கு செயல்களை வழக்கமாகக் கொள்ளலாம். ஒன்று: நிரல்பெயர்ப்பியின் ஒவ்வொரு படிக்கும் உரிய மூல நிரலைப் பிறர் இணையதளத்தை நம்பாமல் தம்மிடமே சேமித்து வைத்தல். இரண்டு: எந்தப் படியை எதனால், எந்த இயந்திரத்தில், எந்தக் கட்டளையால் எழுப்பியது என்பதைச் சாதாரண உரையில் எழுதி வைத்தல். மூன்று: ஆண்டுக்கு ஒருமுறையேனும், முன்பு இதனைச் செய்திராத ஒரு பணியாளர் அந்த ஏட்டை மட்டும் கொண்டு முழுவதையும் எழுப்பிப் பார்த்தல், அவர் தடுமாறும் இடமே ஏட்டில் திருத்த வேண்டிய இடம். நான்கு: வெளியிலிருந்து வாங்கித் தொடங்க நேர்ந்தால், இரண்டு வேறு இடங்களிலிருந்து தொடங்கி முடிவுகளை ஒப்பிடல். இவற்றிற்கு வேண்டுவது பெரும்பொருள் அன்று, ஒழுங்கே.

களப்பணியாளர், கருவி ஒன்று கைக்கு வரும்போது, இதன் நிரலைத் திருத்தினால் பெயர்த்துத் தருவது எது, அது எவரிடம் உள்ளது என்று வினவி விடையைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம். விடை கிடையாவிட்டால் அதனையும் குறித்தல் நலம். குறையை முன்னரே அறிந்திருத்தல், மழைக்காலத்தின் நடுவில் அறிவதைக் காட்டிலும் மேலானது.

ஆசிரியர்கள் இதனைக் கணிப்பொறி இல்லாமலே வகுப்பில் விளக்கலாம். தமிழ் எழுத்துகளுக்கு எண்களைக் கொண்ட ஒரு சங்கேதத்தை அமைத்து, அதனைப் படிக்கும் முறையையும் அதே சங்கேதத்தில் எழுதி மாணவரிடம் கொடுத்தல் வேண்டும். எவராலும் படிக்க இயலாது. பின்னர் ஒரு மாணவனிடம் மட்டும் முறையைக் காதில் கூறினால், அவன் படித்துப் பிறருக்கு உரைப்பான். அன்றுமுதல் வகுப்பு முழுவதும் அச்சங்கேதத்தில் எழுதும், படிக்கும். முறையைச் சற்றே திருத்தி, திருத்தத்தைப் பழைய சங்கேதத்தில் எழுதி அறிவித்தால், புதிய பதிப்புப் பிறப்பதையும் அவர்கள் காண்பர். இறுதியில் ஒரு வினா எழுப்பலாம்: காதில் கூறியவர் பொய் கூறியிருந்தால் என்னவாகும்? தாம்சன் 1984இல் எழுப்பிய வினாவும் இதுவே. பத்து வயதுச் சிறுவர்க்கும் இது விளங்கும்.

விளங்கிய மாணவர்களுள் சிலரேனும் பிற்காலத்தில் ஒரு முறைமையைப் பேணும் பொறுப்பை ஏற்பர். அவர்கள் பாத்திரத்தில் பால் இருக்கிறதா என்று மட்டும் பாராமல், நாளைக்கு ஒரு கரண்டி மோர் எடுத்து வைக்கப்பட்டுள்ளதா என்றும் பார்ப்பார்களாயின், இக்கல்வி பயன் தந்ததாகும்.